உருவம் ஒன்று, இனம் பல

தமிழிலக்கணம் பயின்றோர் பலபொருள் ஒருசொல் என்னும் வகையை நன்கறிவர். மாலை என்பது அந்திப் பொழுதையும் குறிக்கும், பூந்தொடையையும் குறிக்கும். எழுதப்பட்ட வடிவத்தை எத்துணை நேரம் உற்று நோக்கினும் இவ்விரண்டனுள் எது என்பது விளங்காது. அச்சொல் வாக்கியத்தில் நின்று செய்யும் தொழிலைக் கண்டே பொருள் துணிகின்றோம். இயற்கை எழுதிய ஏட்டிலும் இத்தகைய சொற்கள் உள. அவற்றுள் ஒன்றைப்பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். வாவிக்கரையில் வாழும் நம் செவியருகே அந்திதோறும் வந்து பாடும் நுளம்பே அது.

நுளம்பைப்பற்றி எழுதுதல் விஞ்ஞான ஆசிரியர்க்கன்றோ உரியது, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர் சிலர் நகைக்கலாம். பெயரும் பொருளும் தம்முள் பொருந்துகின்றனவா என ஆராய்தல் தமிழாசிரியன் தொழில். நுளம்பின் வரலாற்றிலோ, பெயர் துலங்காதவரை நோயின் வழியும் துலங்கவில்லை. அப்பெயரைத் துலக்கும் பிறப்புரிமையியல் ஆராய்ச்சி நம் மாவட்டத்து நீர்நிலைகளிலேயே நிகழ்ந்திருக்கவும், அதனை நம் மாணவர் அறியாதிருத்தல் தகாது. விழாக் கொண்டாடும் நம் கல்லூரி இக்குறையைத் தீர்க்க முன்வருதல் வேண்டும். இதுவே யான் சொல்ல விழைவது.

மலேரியாக் கிருமி நுளம்பின் உடலில் வளர்வதை 1897ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 20ஆந் திகதி செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் கண்டார். அனோபிலிஸ் என்னும் சாதி நுளம்புகளே மனிதரிடத்து மலேரியாவைப் பரப்புவன என்பது பின்னர்த் துணியப்பட்டது. ஆயின் உடனே ஒரு புதிர் எழுந்தது. ஐரோப்பாவிற் சில ஊர்களில் அனோபிலிஸ் மக்குலிபென்னிஸ் என்னும் நுளம்பு மலிந்திருந்தும் மலேரியா இல்லை. வேறு சில ஊர்களில் அதே நுளம்பு, அதே மலேரியா. இப்புதிருக்கு வழி காட்டியவர் பல்லெரோனி என்னும் இத்தாலியச் சுகாதார அலுவலர். அவர் 1926இல் அந்நுளம்புகளின் முட்டைகளை ஒப்புநோக்கி, வளர்ந்த நுளம்புகள் ஒன்றுபோலத் தோன்றினும் முட்டைகளின் கோலம் வேறு வேறாதலைக் காட்டினார். ஒரு பெயரின்கீழ் பல இனங்கள் மறைந்திருந்தன. அவற்றுட் சில மனிதர் குருதியை நாடுவன. சில மாட்டின் குருதியோடு அமைவன. புறத்தோற்றத்தால் வேறுபடுத்தற்கரிய இத்தகைய இனங்களை இன்று உடன்பிறப்பினங்கள் என்பர்.

நம் நாட்டின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் மூண்ட மலேரியாப் பெருவாரியில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்து, ஓடும் ஆறுகள் குட்டைகளாய்த் தேங்கியபோது, அக்குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு அளவின்றிப் பெருகியதே அதற்குக் காரணம். டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கியபின் நோய் தணிந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். பகை ஒழிந்ததென்று கை தளர்ந்ததும், 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்துக்கு மேலாயிற்று. பின்னும் பல்லாண்டு போராடிய பின்னரே, 2012 ஒக்டோபருக்குப்பின் உள்நாட்டிற் பிறந்த மலேரியா இல்லையென்ற நிலை எய்தி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை நாம் பெற்றோம்.

இப்போராட்டத்தின் நடுவே விஞ்ஞானிகளை வருத்திய ஐயமொன்று உண்டு. இந்தியாவில் கியூலிசிபேசிஸ் என்பது தனியினமன்று, உடன்பிறப்பினங்களின் கூட்டம் என்பது 1980ஆம் ஆண்டு முதலாகத் தெரியவந்தது. அவற்றிற்கு ஏ, பி, சி, டி என எழுத்துகளாற் பெயரிட்டனர். அவற்றுள் பி என்னும் இனம் பெரும்பாலும் மாட்டையே நாடுவது. மலேரியாவைப் பரப்புதலில் வலியற்றது. இலங்கையிற் காணப்பட்டதோ பி இனம் ஒன்றே எனக் கருதப்பட்டது. வலியற்ற இனமே இங்கு வாழ்கின்றதெனின், இத்துணை உயிர்களைக் கொள்ளை கொண்டது எது?

விடை இராமேசுவரத் தீவிலிருந்து வந்தது. அங்கு ஈ என்னும் ஐந்தாவது இனம் ஒன்று உண்டென 1999இல் இந்திய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மறு ஆண்டே, இலங்கையிலும் பி, ஈ ஆகிய இரண்டும் வாழ்வதனையும், மலேரியாவைப் பரப்பும் ஆற்றலில் அவை வேறுபடுவதனையும் சுரேந்திரன், ரஞ்சன் இராமசாமி முதலியோர் எடுத்துக் காட்டினர். எவ்வாறு காட்டினர் என்பதே நம் மாணவர் கருதத்தக்கது. உயிர்க்கலத்துள் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிழைகள் உள. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இயல்புகளைத் தாங்குவன அவை. அவற்றுள் ஆணுக்கே உரிய வை நிறமூர்த்தத்தின் வடிவம் பி இனத்தில் ஒருவகை, ஈ இனத்தில் மற்றொருவகை. குடம்பிப் பருவத்து ஆண் நுளம்பின் மெல்லிய திசுவைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் நோக்கின், பெற்றோரிடமிருந்து வந்த அவ்விழையே இனத்தைச் சொல்லிவிடுகின்றது. சிறகும் காலும் மறைத்ததைப் பரம்பரை வெளியிட்டது.

நிறமூர்த்தத்தின் வடிவத்தைக் காண்பது ஒரு நூலின் அட்டையைக் காண்பது போன்றது. உள்ளிருக்கும் எழுத்தைப் படிக்கும் கலை அதன்பின் வளர்ந்தது. டி.என்.ஏ. என்னும் பொருளின் அமைப்பு 1953இல் அறியப்பட்டது. நான்கே எழுத்துகளால் ஆன நெடுங்கணக்கு அது. அதன் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கிக்கொள்ளும் பி.சி.ஆர். என்னும் முறையைக் காரி மல்லிஸ் 1983இல் வகுத்தார். அதற்காக 1993இல் நோபல் பரிசு பெற்றார். நுளம்பின் ஒரு கால் கிடைத்தாலே இம்முறைக்குப் போதும். 2003இல் கனடா நாட்டுப் போல் ஹேபர்ட் என்பார், ஏறத்தாழ 650 எழுத்துள்ள ஒரு பகுதியை எல்லா விலங்கினத்துக்கும் பொதுவான அடையாளக் குறியாகக் கொள்ளலாமென முன்மொழிந்தார்.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை புதியதன்று என்பேன். சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது செய்தது யாது? பல ஊர் ஏடுகளைத் தருவித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கி, பாடபேதம் கண்டார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனத் துணியலாம். பிழைகள் பெரிதும் வேறுபடின் அவை நெடுங்காலத்துக்குமுன் பிரிந்த வழியின. டி.என்.ஏ.யும் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்படும் ஏடே. பெயர்த்தெழுதுகையில் இடையிடையே எழுத்து மாறுகின்றது. அம்மாற்றங்களை ஒப்புநோக்கி எந்நுளம்பு எவ்வழியினது என அறிகின்றனர். ஏட்டின் மேற்கட்டை ஒன்றுபோலிருந்தால் உள்ளிருக்கும் நூலும் ஒன்றே எனப் பதிப்பாசிரியர் எவரும் கொள்ளார். நுளம்பறிஞரும் அவ்வாறே.

நிற்க. இனி நம் கிழக்குக் கரைக்கு வருவோம். அனோபிலிஸ் சப்பிக்டஸ் என்னும் மற்றொரு கூட்டத்தில் நான்கு உடன்பிறப்பினங்கள் உண்டெனப் புறத்தோற்றத்தாற் பகுத்திருந்தனர். கிழக்கு மாகாணத்தின் பல இடங்களிற் பிடித்த நுளம்புகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும் அவருடன் உழைத்தோரும் டி.என்.ஏ. எழுத்தைக்கொண்டு ஆராய்ந்தனர். சப்பிக்டஸ் பி எனத் தோற்றத்தாற் பெயரிடப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, எழுத்தளவில் அனோபிலிஸ் சண்டைக்கஸ் என்னும் வேறொரு கூட்டத்தைச் சார்ந்தன என 2010இல் வெளியாயிற்று. சண்டைக்கஸ் தென்கிழக்காசியக் கரைகளிலும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும் உவர்நீரிற் பெருகி மலேரியாவைப் பரப்புவது. நம்மிடையே வேற்றுப் பெயரில் வாழ்ந்த அதனை எழுத்தாராய்ச்சியே இனங்காட்டியது.

அதே 2010ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகருக்கு அண்மையில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய பகுதியிலுள்ள உவர்நீர்நிலை ஒன்றில் நடந்த ஆய்வும் வெளிவந்தது. ஜூட், சுரேந்திரன், இராமசாமி ஆகியோருடன் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்து வினோபாபாவும் அதிற் பங்குகொண்டார். ஆறு திங்கள், இரு கிழமைக்கு ஒருமுறை அகப்பையால் நீர் மொண்டு 935 குடம்பிகளைச் சேர்த்தனர். வளர்ந்து வெளிவந்தவற்றுள் 661 கியூலிசிபேசிஸ், 58 சப்பிக்டஸ். நன்னீரிலன்றிப் பெருகாது எனக் கருதப்பட்ட கியூலிசிபேசிஸ், ஆயிரத்துக்கு 4 பங்குவரை உப்புள்ள நீரில் வளர்ந்திருந்தது. நிறமூர்த்தத்தை நோக்கியபோது அது வலிமிக்க ஈ இனம் எனத் தெரிந்தது. மறு ஆண்டில் இதே ஆராய்ச்சியாளர், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் இரண்டும், ஆயிரத்துக்கு 2 முதல் 15 பங்குவரை உப்புள்ள நீரில், கைவிடப்பட்ட வள்ளங்களிலும் பாவனையற்ற கிணறுகளிலும் எறியப்பட்ட பாத்திரங்களிலும் வளர்வதனை வெளியிட்டனர். டெங்கு நுளம்பு தூய நன்னீரிலேயே முட்டையிடும் என நாம் வகுப்பிற் சொல்லிவந்த பாடம் வாவிக்கரைக்கு முழுதும் பொருந்தாது என்பது இதனாற் புலனாகின்றது.

சான்றிதழ் பெற்ற 2016இன் இறுதியில், மூன்றே திங்கள் கழிந்த நிலையில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்புவது அது. ஆபிரிக்காவில் 2012இல் ஜிபூட்டியிற் காணப்பட்ட இந்நுளம்பு, எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் 2022இல் மலேரியா பரவுதற்குக் காரணமாயிற்று. மன்னாரில் முதலில் ஐயுற்றது களத்தில் நின்ற அலுவலரின் கண். ஐயத்தை அகற்றியது டி.என்.ஏ. எழுத்து. இவ்விரண்டனுள் ஒன்று இல்லாதிருப்பினும் அது பெயரற்றதாய்ப் பரவியிருக்கும். இவையெல்லாம் வீண் அச்சமன்று என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2018 டிசெம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் உடலிலிருந்த மலேரியா, இங்குள்ள நுளம்பின் வழியே நம் நாட்டவர் ஒருவரைத் தொற்றியது. நோய் ஒழிந்தது, அதனைச் சுமக்க வல்ல நுளம்பு ஒழியவில்லை.

இவற்றைக் கேட்டோர் இரண்டு தடைகளை எழுப்புவர். எவ்வினமாயினும் கடிப்பது கடிப்பதே. எல்லாவற்றையும் கொன்றொழித்தால் பெயராராய்ச்சி எதற்கு என்பது முதற்றடை. எல்லாவற்றையும் கொல்லும் மருந்து ஒன்று இருப்பின் இவ்வினா நியாயமானதே. வீட்டுச் சுவரில் தெளிக்கும் மருந்து, குருதி குடித்தபின் அச்சுவரில் வந்து தங்கும் இனத்தையே கொல்லும். வெளியே கடித்து வெளியே தங்கும் இனத்தை அது தீண்டாது. கிணற்றில் விடும் மீன் கிணற்றுக் குடம்பியை உண்ணும். வயல்வெளிப் பள்ளத்தில் வளர்வதனை அது என்செய்யும்? டி.டி.ரி.க்கு எதிர்ப்பாற்றல் பெற்ற நுளம்பை நம் நாடு கண்டிருக்கின்றது. அவ்வாற்றலும் இனத்துக்கு இனம் வேறுபடும். இனமறியாது மருந்து தெளிப்பவர், நோயாளியின் நாடி பாராது மருந்தளிப்பவரை ஒப்பர்.

பல இலட்சம் ரூபா விலையுள்ள கருவிகளைக் கிராமத்துக் கல்லூரி எங்ஙனம் வாங்கும் என்பது இரண்டாந் தடை. வாங்க வேண்டுவதில்லை. எழுத்தைப் படிக்கும் கூடம் பல்கலைக்கழகங்களில் இருக்கட்டும். படித்தற்குரிய ஏட்டைத் திரட்டித் தருவார் யார்? டி.என்.ஏ. ஆராய்ச்சி எத்துணை நுண்ணிதாயினும், எவரேனும் ஒருவர் முழந்தாளளவு நீரில் இறங்கி அகப்பையால் மொண்டு, எவ்விடம், எந்நாள், நீர் உவரோ நன்னீரோ எனக் குறித்துக்கொண்டாலன்றி அது தொடங்காது. குறிப்பின்றிக் கொணர்ந்த நுளம்பு, ஊர்ப் பெயரும் உரிமையாளர் பெயரும் இல்லாத ஏட்டுக் கட்டுக்கு நிகர். இப்பணிக்கு வேண்டுவன கூரிய கண்ணும், பொறுமையும், நேர்மையான குறிப்பேடுமே. இவை நம் மாணவரிடத்து உள.

யான் வாழும் கிரானையே எடுத்துக்கொள்வோம். கார்த்திகை மார்கழியில் வெள்ளம் பெருகிப் புலிபாய்ந்தகல் வீதியை மூடுகின்றது. வெள்ளம் வடிந்தபின் வயலோரப் பள்ளங்களும் மாட்டுக் குளம்படிக் குழிகளும் நீர் தாங்கி நிற்கின்றன. கோடையில் ஓடைகள் குட்டைகளாகின்றன. கிழக்கே சென்றால் கடலும், வடக்கே சென்றால் வாழைச்சேனைக் களப்பும், தெற்கே மட்டக்களப்பு வாவியுமாக, நன்னீரும் உவர்நீரும் இவ்வளவு நெருங்கிக் கலக்கும் நிலம் இது. ஓராண்டுக்குள் ஓரூரார் கண்ணெதிரே இத்தனை வகை நீர் தோன்றி மறைகின்றது. ஆராய்ச்சிக்கு இதனினும் ஏற்ற களம் யாது? பல்கலைக்கழகமோ அயலூராகிய வந்தாறுமூலையில் இருக்கின்றது.

ஆதலின் விழாக் குழுவினர்க்கும் பழைய மாணவ அன்பர்க்கும் என் விண்ணப்பம் இது. விழாவின் நினைவாக நுழைவாயில் வளைவு எழுப்புதல் வழக்கம். வளைவு அழகியதே, அதனை யான் பழிக்கவில்லை. விழா நிதியில் ஒரு பங்கினை ஒதுக்கி, உயிரியல் அறைக்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் சிலவும் நீரின் உவர்ப்பை அளக்கும் சிறு கருவியும் வாங்கித் தாருங்கள். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் ஆசிரியர் துணையோடு மாணவர் தம் ஊர்க் கிணறு, குட்டை, கைவிட்ட தோணி ஆகியவற்றை நோக்கி ஏடெழுதட்டும். நீர்மட்டத்தோடு கிடையாக மிதப்பது அனோபிலிஸ் குடம்பி. தலைகீழாய்ச் சாய்ந்து தொங்குவன பிற. இதனை ஒரு மாணவன் ஒரு மணி நேரத்திற் கற்றுக்கொள்வான். எடுத்த குடம்பிகளை அன்றே மதுசாரத்திலிட்டுக் குறிப்புடன் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கும் அளிக்கலாம். அங்கிருந்து வரும் விடையை மாணவர் தம் ஏட்டில் எழுதிக்கொள்வர். பத்தாண்டு இவ்வாறு எழுதப்பட்ட ஏடு, எந்த வளைவினும் நெடிது நிற்கும்.

மற்றொன்றும் வேண்டுவன். மேலே சொன்ன ஆய்வுகள் யாவும் ஆங்கில வெளியீடுகளில் உள. உலகறிஞர் படித்தற்பொருட்டு அவை அம்மொழியில் இருத்தல் முறையே. ஆயின் நீர் மொண்டு கொடுத்த வாவிக்கரை மக்கள் அவற்றுள் ஒரு பக்கத்தையும் படித்திலர். கைவிட்ட தோணியிற் தேங்கிய உவர்நீரைக் கவிழ்த்து ஊற்ற வேண்டும் என்னும் ஒரு வரி, மீனவர் வீட்டுத் திண்ணையை எட்டவேண்டுமெனின் அது தமிழில் வருதல் வேண்டும். நம் மட்டக்களப்புத் தமிழகம் உலகுக்களித்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பண்டிதராகவும் ஒருங்கே விளங்கியவர். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிக் கலைச்சொற்கள் வகுத்தலுக்கு வழிகாட்டியவர். நிறமூர்த்தம், குடம்பி, உடன்பிறப்பினம் என நல்ல சொற்கள் நம்மிடம் உள. அவற்றைக் கோத்து நூலாக்கும் கைகளே குறைவு. விலங்கியல் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவர் ஆய்வின் சாரத்தை முப்பது பக்கத் தமிழ்க் கையேடாக எழுதுவாராயின், அதன் மொழிநடையைச் செப்பஞ்செய்து தருதல் கல்லூரித் தமிழாசிரியரின் கடன். அக்கடனை ஏற்க யான் ஆயத்தமாயிருக்கின்றேன்.

மலேரியா இந்நாட்டில் இல்லையென்பது உண்மை. அதனாலேயே அதனை நினைப்போர் தொகையும் ஆண்டுதோறும் குறைகின்றது. குளிர்காய்ச்சலில் நடுங்கிய தலைமுறை மறைய, அந்நோயைக் கதையாகவும் கேளாத தலைமுறை நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றது. 1963ஆம் ஆண்டுக்குப் பின் நேர்ந்தது மறதியின் விளைவென்பதை வரலாறு காட்டிவிட்டது. நுளம்பு தன் பெயரைத் தானே சொல்லாது. அதனைக் கேட்டறிந்து எழுதிவைப்போர் ஒவ்வோர் ஊரிலும் இருத்தல் வேண்டும். அவ்வூர்களுள் நம்மூர் ஒன்றாகுக. அவரைப் பயிற்றும் கல்லூரி நம் கல்லூரியாகுக.